காப்பு அப்பா

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். ஒரு கடிதம் எழுதினாலே இரண்டு தடவை கிழித்துப் போட்டுவிட்டுத்தான் மூன்றாவதை மடிப்பேன். அப்படிப்பட்டவள் வாராவாரம் பத்திரிகையில் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது சரியா என்று எனக்கே தெரியவில்லை. பத்திரிகை வரும் நாளில் வரக்காப்பொல கடைவீதிப் பக்கம் போகவே கூச்சமாக இருக்கிறது.

போன வாரம் பிள்ளைக் காம்பராவில் நான் வேலைக்குச் சேர்ந்த கதையை எழுதினேன். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகிற அறைக்குத்தான் எங்கள் தோட்டத்தில் அந்தப் பெயர். அதைப் படித்த பக்கத்து லயத்து, அதாவது பக்கத்து வரிசை வீட்டு, அக்கா, "ஊரான் புள்ளைகளப் பத்தி எழுதுற. ஒம் வீட்டுக்காரரப் பத்தி ஒரு வரி இல்லையே" என்று கேட்டுவிட்டார். வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டேன். "எழுதிக்க. நல்லவன்னு மட்டும் பொய்யா எழுதிறாத" என்றார்.

அதனால் உள்ளதை எழுதுகிறேன்.

ஒரு மத்தியானம். எங்கள் லயத்து இஸ்தோப்பில், அதாவது வாசலை ஒட்டிய முன்பக்கத்தில், அவர் பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியும் முன்பே எழுந்து போய், பாலைச் சேர்த்து ஸ்டோரில் கொடுத்துவிட்டு வந்து, சாப்பிட்டதும் இப்படித்தான் சாய்வார்கள். அவருடைய வலது கை பாயைத் தாண்டி சிமெந்துத் தரையில் கிடந்தது.

கைக்குப் பக்கத்தில் என் மகன் தினேஷ் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அப்போது அவனுக்கு முன்பல் விழுந்திருந்த வயது. நாக்கை அந்த ஓட்டையில் வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, அப்பாவின் மணிக்கட்டில் ஏதோ செய்துகொண்டிருந்தான். அவன் விரல் பத்தும் மஞ்சள். சட்டை மஞ்சள். மூக்கு நுனி மஞ்சள். அடுப்படியில் என் மஞ்சள் தூள் டப்பா மூடி இல்லாமல் கிடந்தது. தையல் பெட்டியிலிருந்து வெள்ளை நூல்கண்டு உருண்டு கதவு வரைக்கும் போயிருந்தது.

நான் அகப்பையோடு கதவடியில் நின்றேன். அவனைக் கூப்பிடவில்லை.

மழை நாளும் காப்பு நாளும்

அவன் அங்கே என்ன செய்துகொண்டிருந்தான் என்று சொல்லுமுன் காப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் கரகம் தூக்குகிறவர் என் வீட்டுக்காரர் செல்வராசு. அவருடைய அப்பாவுக்குப் பிறகு அவர். திருவிழா தொடங்கும் நாளில் பூசாரி அவருடைய வலது மணிக்கட்டில் மஞ்சள் துண்டு வைத்து நூல் கட்டுவார். அதுதான் காப்பு. கரகத்தை ஆற்றில் விட்டு, மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடிய பிறகு அதை அறுப்பார்கள்.

காப்பு கையில் இருக்கும் வரைக்கும் கவிச்சி தொடக்கூடாது. குடிக்கக்கூடாது. கெட்ட வார்த்தை வாயில் வரக்கூடாது. சாவு வீட்டுக்குப் போகக்கூடாது. பாய் தனி. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

வருடத்தில் அந்தக் கொஞ்ச நாள் எங்கள் வீடு வேறு வீடாக இருக்கும். மற்ற நாளில் எப்படி இருக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் வேலையில் குறை சொல்ல முடியாதவர். மரத்துக்குக் காயம் படாமல் வெட்டுவார் என்று கங்காணியே சொல்லுவார். ஆனால் மழை பெய்தால் பால் வெட்டு கிடையாது. பால் பிடிக்க மரத்தில் கட்டிய சிரட்டையில் தண்ணீர் நிறைந்துவிடும். வெட்டு இல்லாத நாள் என்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விடுவார். அங்கே கசிப்பு, அதாவது கள்ளச் சாராயம், விற்பார்கள். திரும்பி வரும்போது அவருக்கு முன்னால் அவருடைய சத்தம் வரும்.

எங்கள் பக்கம் மழைக்குப் பஞ்சமா என்ன? கேகாலை மாவட்டத்தில் குடை இல்லாமல் கல்யாணம் கூட நடக்காது. ஊரில் எல்லோரும் மழை வந்தால் துணியை எடுப்பார்கள். என் மகள் கௌசி புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவாள். தினேஷ் கட்டிலுக்கு அடியில் போவான். அவர் பிள்ளைகளை அடித்ததில்லை. தட்டு பறக்கும், வார்த்தை பறக்கும், அவ்வளவுதான். அந்த "அவ்வளவுதான்" ஒரு சின்னப் பிள்ளைக்கு எவ்வளவு என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இவன் வகுப்பில் வாயே திறப்பதில்லை, காது கேட்கிறதா என்று பார்க்கச் சொல்லி டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

காது நன்றாகத்தான் கேட்டது. தகரக் கூரையில் முதல் துளி விழும் சத்தம் எங்கள் எல்லோரையும் விட அவனுக்கு முதலில் கேட்கும்.

காப்புக் காலத்தில் மட்டும் அவன் பேசுவான். அப்பாவின் மடியில் உட்கார்ந்து, எறும்புக்கு எத்தனை கால், அம்மனுக்கு ஏன் இத்தனை கை, மரத்துக்கு வலிக்காதா என்று கேட்டுக்கொண்டே இருப்பான். அவரும் பதில் சொல்லிக்கொண்டே இருப்பார். காப்பு அறுத்த மறுநாள் அந்தக் கேள்வி எல்லாம் நின்றுவிடும்.

எங்கள் வீட்டில் "காப்பு" என்ற வார்த்தைக்கு வேறு அர்த்தம் வந்தது அப்படித்தான். எப்போதாவது ஒரு சாதாரண நாளில் அவர் சிரித்த முகத்தோடு வந்தால், தினேஷ் என் சேலையைப் பிடித்து இழுத்து மெதுவாகக் கேட்பான்.

"அம்மா, இன்னைக்கு காப்பு அப்பாவா?"

பூசாரி வீட்டுப் பெண்

இங்கே என் பழைய கதை கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். பக்தி ஒரு வீட்டுக்கு நல்லது மட்டுமே செய்யும் என்று நினைத்து வளர்ந்தவள் இல்லை நான்.

என் அப்பா அரநாயக்கப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கோயில் பூசாரி. குடி கிடையாது, கவிச்சி கிடையாது, கோபம் கூடக் கிடையாது. ஆனால் எங்களுக்கு அவர் கிடைத்ததும் கிடையாது. விடிந்தால் கோயில், பொழுது சாய்ந்தால் கோயில். வீட்டுக்கு வந்தால் சட்டம். பூசாரி வீட்டுப் பெண் சத்தமாகச் சிரிக்கக்கூடாது. அடுத்த வீட்டில் கை நனைக்கக்கூடாது. மற்றப் பிள்ளைகளோடு பீலியில், மலைத் தண்ணீர் விழும் குழாயடியில், தண்ணீர் அடித்து விளையாடக்கூடாது. திருவிழாவில் எல்லாப் பெண்களும் குலவை போடும்போது நானும் ஒரு தடவை நாக்கைச் சுழற்றினேன். அப்பா திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை போதும். அதற்குப் பிறகு கோயிலில் மட்டும் இல்லை, எங்கேயும் என் சத்தம் எழும்பவில்லை. கல்யாணத்துக்கு என்னைப் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு பேசுமா?" என்று கேட்டார்கள்.

அப்பாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் நேர்மையான மனுஷர். கோயில் சட்டம் எல்லாம் எனக்கு அவர் வாயிலிருந்து வந்ததுதான். எந்த நாளில் என்ன செய்யலாம், எது தீட்டு, எது செல்லும், எது செல்லாது என்பதை இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன்.

ஆனால் சாமி என்றால் அப்பாவை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போகிற ஒன்று என்றுதான் சின்ன வயதில் எனக்குப் பதிந்தது. அதே சாமி என் பிள்ளைகளுக்கு வருடத்தில் கொஞ்ச நாளாவது அப்பாவைக் கொண்டுவந்து கொடுத்ததைப் பார்த்தபோது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

நின்றுபோன திருவிழா

கொரோனா வந்த வருடம் பங்குனியில் காப்புக் கட்டினார்கள். கரகம் எடுக்க இன்னும் சில நாள் இருந்தது. அதற்குள் ஊரடங்கு போட்டுவிட்டார்கள். பொலிஸ் வந்து பந்தலைப் பார்த்துவிட்டுக் கூட்டம் கூடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனது. மேளக்காரர்கள் வர முடியவில்லை. வாங்கி வைத்த பூ வாடியது. திருவிழா நின்றது.

காப்பு நிற்கவில்லை. அது அவர் கையில் இருந்தது.

எங்கள் தோட்டத்தில் பூசாரிக்கும் கரகம் தூக்குகிறவருக்கும் மட்டும்தான் காப்பு. பூசாரி எப்படியும் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர், அவருக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. கஷ்டம் எல்லாம் இவருக்குத்தான். இரண்டு வாரத்தில் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பிறகு ஒரு மாதம் என்றார்கள். பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஊரடங்கில் சாராயக் கடைகள் மூடிக் கிடந்தன. ஆனால் கசிப்புக்கு ஏது ஊரடங்கு? எங்கள் ஆற்றங்கரையில் அது முன்பை விட அதிகமாகவே ஓடியது. தோட்ட வேலையும் நிற்கவில்லை. வெட்டு முடிந்தால் போவதற்கு வேறு இடம் இல்லாமல் ஆம்பிளைகள் பாதிப் பேர் அங்கேதான் கிடந்தார்கள். இவர் மட்டும் இஸ்தோப்பில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மீன் விற்கும் வான்காரர், அதாவது வேன்காரர், ஒருவர் வருவார். சிங்களவர், நல்ல மனுஷர். ஊரடங்கிலும் அனுமதி வாங்கி வந்து லயத்துக்கு மேலே நின்று ஹோர்ன் அடிப்பார். என் வீட்டுக்காரர் வாடிக்கையாக வாங்குகிறவர். ஒவ்வொரு தடவையும் "செல்வே, இன்னைக்கும் எபாவா?" என்று கேட்பார். வேண்டாமா என்று கேட்கிறார். இவர் காப்பைத் தூக்கிக் காட்டுவார். ஒரு நாள் அவர் வானிலிருந்து இறங்கியே வந்துவிட்டார்.

"எங்களுக்கு போயா அன்னைக்கு ஒரு நாள்தான் சில். நீ என்ன, மாசக்கணக்கா சில் எடுக்குற?" பௌர்ணமிக்கு அவர்கள் எடுக்கும் விரதத்தைத்தான் சொன்னார்.

"நான் எங்க எடுத்தேன்? கட்டிட்டு அப்படியே விட்டுட்டுப் போயிட்டாங்க" என்றார் இவர். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் லயத்து நாய் எழுந்து குரைத்தது.

பாறைக்கு மேலே ஒரு வகுப்பு

வெட்டு முடிந்து வந்த மனுஷருக்கு எத்தனை நேரம்தான் கையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? பள்ளிக்கூடம் மூடிவிட்டார்கள். கௌசி சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டிய பிள்ளை. டீச்சர்மார் போனில் பாடம் அனுப்பினார்கள். எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. ரப்பர் மரங்களைத் தாண்டி, மேலே ஒரு பாறை இருக்கிறது. அங்கே போனால் இரண்டு கோடு விழும்.

வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்ப எனக்கு மனம் இல்லை. "நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததைக் கேட்டு கௌசி என்னைப் பார்த்தாள். நான் சட்டியைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் தினேஷையும் சேர்த்து மூன்று பேரும் கிளம்புவார்கள். இவள் பாறையில் உட்கார்ந்து காதில் வயரை மாட்டிக்கொண்டு கணக்கு எழுதுவாள். மழை வந்தால் இவர் அவளுக்கும் போனுக்கும் குடை பிடித்துக்கொண்டு நிற்பார், தான் நனைவார். தினேஷ் அவர் காலில் ஏறும் அட்டைகளைப் பார்த்துச் சொல்லுவான். காப்புக் கட்டியவர் உயிரைக் கொல்லக்கூடாது என்று இவரே ஒரு சட்டம் சேர்த்துக்கொண்டார். அட்டையைக் குச்சியால் தள்ளிவிட்டு, "போ தாயி, வேற ஆளப் பாரு" என்பார். அந்த வேற ஆள் பெரும்பாலும் கௌசிதான்.

மழை நாளில் குடையோடு மேலே போனார்கள் என்பதை நான் சும்மா எழுதவில்லை. மழை பெய்தால் கட்டிலுக்கு அடியில் போன பிள்ளை, மழை பெய்யும்போது அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மலை ஏறினான். தகரத்தில் துளி விழுந்ததும் முதலில் குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பவன் அவன்தான். திரும்பி வரும் வழியெல்லாம் அவன் பேச்சுக் கேட்கும். மூன்று பேர் போனாலும் ஒருவன் சத்தம்தான்.

கௌசி கணக்கில் எடுத்த பெறுபேற்றைப் பற்றி எழுதினால் பெருமை அடிக்கிறேன் என்பார்கள். எழுதவில்லை. இப்போது அவள் எங்கள் தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நைந்த நூல்

காப்பு நூல் மாதக்கணக்கில் இருப்பதற்குக் கட்டியது இல்லை. ரப்பர் பால் பட்டு, வியர்வை பட்டு, மழை பட்டு, மஞ்சள் போய்ச் சாம்பல் நிறமானது. மஞ்சள் துண்டு பாறையில் எங்கேயோ விழுந்துவிட்டது. நூலில் கடைசியாக இரண்டு இழை மிச்சம் இருந்தது.

அவருடைய கூட்டாளி மணியம் அண்ணன் தினமும் வந்து ஆழம் பார்ப்பார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். இவர் இல்லாமல் குடிக்கப் பிடிக்காத மனுஷர்.

"என்ன மாப்ள, அம்மன் ஒனக்குத் தாலி கட்டிருச்சா? வெளிய வர முடியலையா?"

இவர் சிரிப்பார். முதலில் நன்றாகச் சிரித்தார். போகப் போகச் சிரிப்புக் குறைந்தது. பிறகு ஒரு நாள் சிரிக்கவில்லை.

கோயில் தலைவரும் யோசித்தார். அவர் வயதானவர், எல்லோருக்கும் நல்லதை நினைப்பவர். திருவிழா எப்போது நடக்கும் என்று தெரியவில்லை, ஒரு மனுஷனை எத்தனை மாதம் கட்டிப் போடுவது, அம்மனிடம் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துக் கேட்டுவிட்டு அறுத்துவிடலாம் என்றார். பூசாரியும் சரி என்றாராம். இவர் வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அதைச் சொன்னார். "சாயந்தரம் தலைவர் வர்றாரு. அறுத்துரலாம்னு." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். மணியம் அண்ணனுக்கும் விஷயம் தெரிந்திருந்தது. அவர் சாயந்தரம் வாசலில் வந்து நிற்பார் என்று சொல்லாமலே எனக்குத் தெரியும்.

பிள்ளைகளும் தட்டுக்கு முன்னால்தான் இருந்தார்கள். கௌசி பாதிச் சோற்றோடு எழுந்தாள். தினேஷ் பேசாமல் சாப்பிட்டதைப் பார்த்து எத்தனை நாள் ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

அவர் கை கழுவிவிட்டு இஸ்தோப்பில் சாய்ந்தார்.

முடிச்சு

இப்போது அந்த மத்தியானத்துக்கு வருகிறேன்.

தினேஷ் நூலை நனைத்து மஞ்சள் தூளில் புரட்டி எடுத்திருந்தான். பழைய நூலை அறுக்காமல் அதன் மேலேயே புது நூலைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். நூல் ஈரம், முடிச்சு வழுக்கியது. மறுபடியும் போட்டான்.

"என்னடா பண்ற?"

அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார். எப்போதிலிருந்து விழித்திருந்தார் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லவில்லை.

தினேஷ் கையை எடுத்தான். ஓடுவான் என்று நினைத்தேன். ஓடவில்லை.

"காப்பு கட்டுறேன்."

"ஏன்?"

"பழசு அறுந்துரும். அறுந்துருச்சுனா பழைய அப்பா வந்துருவாரு."

நான் அகப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் கண்ணைத் திறந்து கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒரு கோழி வாசலைத் தாண்டிப் போனது. எங்கேயோ வானொலியில் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்து உட்கார்ந்தார். முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டார். பிறகு வலது கையை மகனுக்கு முன்னால் நீட்டினார்.

"முடிச்சு லூசா இருக்கு. இப்படிக் கட்டுனா வாளி தூக்குறப்ப அவுந்துரும். செரட்டைக்குக் கம்பி முறுக்குறமே, அந்த மாதிரி ரெண்டு முறுக்கு முறுக்கிட்டுப் போடு."

தினேஷ் முறுக்கினான். நாக்கு மறுபடியும் பல் ஓட்டைக்குப் போனது.

சாயந்தரம் தலைவர் வந்தார். தட்டில் எலுமிச்சம்பழம், கத்தி, கற்பூரம். பின்னால் மணியம் அண்ணன். லயத்து ஆட்கள் இரண்டு மூன்று பேர் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்கள்.

"இருக்கட்டுங்க தலைவரே. திருவிழா நடக்குறப்பவே அறுத்துக்கலாம்" என்றார் இவர்.

தலைவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு அவர் மணிக்கட்டைப் பார்த்தார். "நூலு புதுசா இருக்கே. யாரு கட்டுனது?"

"வீட்ல ஒரு பூசாரி இருக்காருங்க."

மணியம் அண்ணன் சத்தமாகச் சிரித்தார். "சின்னப் பய கட்டுனா அது காப்பாய்யா? பட்டத்து நூலுய்யா அது" என்றார். தினேஷ் என் பின்னால் வந்து நின்றான். அவனுடைய மஞ்சள் விரல் என் சேலையைப் பிடித்தது.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "என்னம்மா தவமணி, நீ பூசாரி மக. சொல்லு. இது செல்லுமா?"

என் அப்பாவின் சட்டம் எனக்குத் தெரியும். கட்டிய கைதான் மறுபடி கட்டலாம். குளிக்காமல், சங்கல்பம் இல்லாமல், தையல் நூலில் கட்டியது காப்பே இல்லை. தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன் என்று மேலே எழுதினேனே, அதுதான் இது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆம்பிளைகள் கூட்டத்தில் நான் அதற்கு முன் வாய் திறந்ததில்லை.

"செல்லுங்க" என்றேன்.

என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. சரியாகக் கேட்டதோ இல்லையோ என்று இன்னொரு தடவையும் சொன்னேன். "நல்லாச் செல்லும்."

தலைவர் எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தினேஷ் கையில் கொடுத்தார். "அப்ப சரி, சின்னப் பூசாரி. நூல் நைஞ்சா நீதான் பாத்துக்கணும்."

அவன் பார்த்துக்கொண்டான். அதற்குப் பிறகு எத்தனை தடவை புதுப்பித்தான் என்று கணக்கில்லை. என் நூல்கண்டு தீர்ந்தது. மஞ்சள் டப்பா காலியானது. குழம்பு வெள்ளையாக இருந்த நாட்களிலும் யாரும் குறை சொல்லவில்லை.

ஆடியில் வந்த கரகம்

கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்ததும் ஆடியில் திருவிழா வைத்தார்கள். கூட்டம் கிடையாது. வெளியூர் மேளம் கிடையாது, எங்கள் தோட்டத்துத் தப்புதான். ஆனால் அந்தத் திருவிழா மாதிரி ஒன்றை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

ஆற்றிலிருந்து வேப்பிலையும் அரளிப்பூவுமாகக் கரகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் ஏறி வந்தார். கையால் பிடிக்கவில்லை. இளைத்திருந்தார். முகம் கழுவித் துடைத்த விளக்கு மாதிரி இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் கால் கழுவ மஞ்சள் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றார்கள். மீன் வான்காரர் வானை மேலே நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

எங்கள் வாசலுக்கு வந்தபோது தினேஷ்தான் தண்ணீர் ஊற்றினான். ஊற்றிவிட்டு நிமிர்ந்து, அப்பாவின் முகத்தைப் பார்த்து, "ஓம் சக்தி" என்று ஒரு சத்தம் போட்டான். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளையின் சத்தம் அது. தப்புச் சத்தத்தையும் தாண்டி, கீழ் லயம் வரைக்கும் கேட்டது. ஊரே திருப்பிச் சொன்னது. பிள்ளையின் டீச்சரும் அங்கே நின்றார். காதைப் பற்றி என்னிடம் சொன்ன அதே டீச்சர்தான்.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டேன். சின்ன வயதில் பாதியில் நின்ற அந்தக் குலவைதான் அது. மூச்சு முடியும் வரைக்கும் போட்டேன். கௌசி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவளும் சேர்ந்துகொண்டாள். கரகத்துக்குக் கீழே அவர் கண் எங்கள் பக்கம் வந்து போனது. தலை ஆடவில்லை. மீசை மட்டும் கொஞ்சம் ஆடியது.

கரகத்தை விட்டு, மஞ்சள் தண்ணீர் விளையாடி முடித்து ஆற்றில் இறங்கினோம். பூசாரி கத்தியை எடுத்தார். வீட்டுக்காரர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு தினேஷைக் கூப்பிட்டார்.

"நீ கட்டுனது. நீயே அவுத்துரு."

அவன் முகம் சுருங்கியது. "எபா" என்றான். வேண்டாம் என்றால் அவனுக்கு இன்றைக்கும் சிங்களம்தான் முதலில் வரும்.

அவர் தண்ணீரிலேயே முட்டி போட்டு உட்கார்ந்து, கையை அவன் மார்புக்கு நேராக நீட்டினார். சத்தியம் எதுவும் பண்ணவில்லை. அவன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பல்லால் கடித்து முடிச்சை இளக்கினான். அவரே சொல்லிக் கொடுத்த முறுக்கு, லேசில் அவிழவில்லை. கடைசியில் அவிழ்ந்தது. நூல் தண்ணீரில் போனது. அவர் மணிக்கட்டில் நூல் இருந்த இடம் மட்டும் வெளுத்து, வளையல் போட்ட மாதிரி இருந்தது.

கரையில் மணியம் அண்ணன் நின்றார். "முடிஞ்சிருச்சுல்ல மாப்ள. நாளைக்குப் பாப்போம்" என்றார். இவர் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

மறுநாள் விடியும் முன்பே மழை தொடங்கியது. பால் வெட்டு இல்லை. அவர் வீட்டில் இருந்தார். கூரையில் ஒழுகிய இடத்தை அடைத்தார். மத்தியானம் பிள்ளைகள் குடையை எடுத்ததும் அவர்களோடு பாறைக்குப் போய்விட்டு வந்தார்.